முயல் கட்டிய அட்டை டாங்கி

ஒரு காட்டில் சண்டைக்குத் தடை இருந்தது. கடித்துக் குதறிச் செத்தது போதும் என்று மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசி, இனி எந்த வழக்கானாலும் பொம்மைப் படை வைத்து விளையாடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு கட்டின. ஆலமரத்தடி மணலில் இரண்டு கட்சியும் படையை நிறுத்தும். தாயக்கட்டை உருட்டி நகர்த்தும். எந்தப் படை முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதோ அந்தக் கட்சிக்கு வழக்கு ஜெயம். நடுவர் ஒரு காட்டெருமை. புல் தின்கிறவர், யாரிடமும் கை நீட்டமாட்டார் என்று நம்பி வைத்திருந்தார்கள். நல்லா நம்பினார்கள் போங்கள்!

அந்தக் கோடையில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம். அதற்கு வேலி போட்டு எனக்கு நீச்சல்குளமாக வைத்துக்கொள்வேன் என்றது ஜம்புலிங்கம் என்ற நரி. தங்கப்பழம் என்ற முயல் எதிர்த்து வழக்குப் போட்டது. பாவம், வேறு என்ன செய்யும்? வளை நிறையக் குட்டிகள் நாக்கு வறண்டு கிடந்தன.

நரியிடம் பெரிய பெரிய பிளாஸ்டிக் டாங்கிகள் இருந்தன. எல்லாம் பார்சலில் வந்தவை. முயலிடம் ஒரு மண்ணும் இல்லை. அது நரி வாசலில் போய் நின்றது.

"அண்ணாச்சி, அந்தக் காலி அட்டைப்பெட்டிய நான் எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. உள்ள இருந்த சாமான் எனக்கு, பெட்டி உனக்கு. சரிபாதிதானலே!" என்று நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

முயலுக்கு வந்ததே ரோஷம்! பெட்டிகளை வளைக்கு இழுத்து வந்தது. கத்தரிக்கோல் எதற்கு, பல் இருக்கிறதே. ஒரு அட்டையின் வரி நெடுக்காகவும் அடுத்ததன் வரி குறுக்காகவும் வரும்படி ஒட்டினால், ஏறி மிதித்தாலும் மடங்காது என்று தானே கண்டுபிடித்தது. சோடா மூடிகள் சக்கரம் ஆயின. சுருட்டிய அட்டை பீரங்கிக் குழல் ஆனது. முன்பக்கக் கவசத்துக்குப் போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டை.

"சாமி படத்தை வெட்டாதிங்க, கண்ணு அவிஞ்சு போயிரும்!" என்று அதன் மனைவி வடிவு சத்தம் போட்டது. அதனால் சாமி முழுசாக முன்னால் நின்று அருள்பாலித்தார்.

பசை காய்ச்சியதும் வடிவுதான். சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே மைதா பசை.

"பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவாங்களே, போடட்டா?"

"வேண்டாம்ட்டி, அது விஷம். பிள்ளைங்க பசைய நக்குதுங்க."

டாங்கி வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து படுக்கிற இடத்தையும் பிடித்துக்கொண்டது. குடும்பமே அதற்கு அடியில் தூங்கியது. முயலுக்கு அதன்மேல் உயிர். பெற்ற குட்டிகளைக்கூட அப்படித் தடவிக் கொடுத்ததில்லை. கடைசியில் வளையின் வாயை இடித்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. தாயக்கட்டை விடாமல் நரிக்கே விழுந்தது. முயலின் டாங்கி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நரியின் படை எல்லைக்கோட்டை நெருங்கி, இன்னும் ஒரு உருட்டு விழுந்தால் குளம் போச்சு என்ற நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். களத்துக்குக் காவல் நடுவர் மட்டும்.

திரும்பி வந்து பார்த்தால், அடப்பாவி மக்கா! டாங்கியைக் காணோம். சோடா மூடிகளும் சாமி படமும்தான் மிச்சம். நடுவர் படத்தைப் பயபக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். மீசை பூராவும் வெள்ளைப் பசை.

முயல் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. நரி துள்ளிக் குதித்தது. "முயலுக்குப் படையே இல்ல! குளம் எனக்கு!"

நடுவர் ஏப்பம் விட்டார். "இல்லைன்னு யாருவே சொன்னா? மறைஞ்சு முன்னேறியிருக்கு. உம்ம கண்ணுக்குத் தெரியாம கோட்டைத் தாண்டிட்டு. குளம் முயலுக்கு."

"ஐயா, உங்க மீசையில என்னது?"

"நடுவர் மீசையப் பாக்கது விதிமீறல். உம்ம டாங்கியையும் சோதிச்சுப் பாத்தேன். கடிக்கவே முடியல. தரம் போதாது."

தீர்ப்பு தீர்ப்புதானே. குட்டிகள் குளத்தில் இறங்கி வயிறு முட்டக் குடித்தன. முயல் மட்டும் கரையில் உட்கார்ந்து விசும்பியது.

"குறுக்கும் நெடுக்குமா எப்படிப் பாத்துப் பாத்து ஒட்டினேன்ட்டி! அதோட பலத்தை ஒருத்தரும் பாக்கலையே."

"சும்மா கெடங்க. தண்ணி கிடைச்சிட்டுல்லா" என்றது வடிவு.

அடுத்த வழக்கு வருவதற்குள் நரி தன் பிளாஸ்டிக் படையை ஓடையில் வீசிவிட்டது. ஒரு காலிப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு முயல் வாசலுக்கு வந்தது. குரலில் அப்படி ஒரு பணிவு.

"அண்ணாச்சி, நடுவருக்கு உப்புப் போட்ட பசை பிடிக்குமா, வெல்லம் போட்டது பிடிக்குமா?"

நீதி: ஆயுதம் எதிரிக்கு வலித்தால் போதாது, நடுவருக்குச் செரிக்கவும் வேண்டும்.