பல்லெண்ணியும் செப்டம்பர் முப்பத்தேழும்

கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பவர்கள் உண்டு, மாப்பிள்ளையைப் பார்ப்பவர்கள் உண்டு, நேராகப் பந்தியைப் பார்ப்பவர்களும் உண்டு. மண்டப வாசலில் நிற்கும் ஊர்வலக் காரின் அடியில் படுத்து, அதன் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிய ஒரே மனிதர் பல்லெண்ணிதான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை அவர் முதுகு படாத தார் ரோடு கிடையாது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதியவனே நான்தான். ஆனாலும் வாயில் வந்ததில்லை. தொண்ணூறுகளில் புதுப்பட்டினத்தை ஒட்டிய குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு. ஒரே ஆபீஸ், ஒரே பஸ். அவர் உருப்படிகளை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவு, நான் குமாஸ்தா. அவர் செங்கல்பட்டுக்காரர். நான் கும்பகோணம். எனக்கு வண்டி என்றால் ஏறுவது, இறங்குவது, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, யார் யாரோ ஓட்டி, கடைசியில் இவர் தலையில் கட்டப்பட்டது. வாங்கிய வாரமே மனைவி அலமேலுவை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினார். படாளம் வரைக்கும்தான் போனது. பின்னால் கடகடவென்று ஒரு சத்தம், அதோடு வண்டி நின்றது. அலமேலு அம்மாள் புளிசாதத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"நீங்க அதோட பேசிகினு இருங்க. நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே போயும் விட்டார்.

காரின் பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு பினியன் என்று ஒரு சின்னது. இவருடைய கிரவுனில் இரண்டு பல் போய்விட்டது. பினியனில் ஒன்பது, கிரவுனில் முப்பத்தேழு, இந்தக் கணக்கில் ஒரு ஜோடி வேண்டும். எந்த வண்டியில் அது இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் மூன்று கடைக்காரர்கள் மூன்று ஜோடி கொடுத்தார்கள். மூன்றும் வேறு கணக்கு.

அன்றைக்குப் பிடித்தது சனி. "ஒருத்தனுக்கும் தெரியலன்னா இன்னா சார் அர்த்தம்? எவனும் எழுதி வெக்கலன்னு அர்த்தம். நாம எழுதுவோம்" என்றார். அந்த "நாம"வில் நானும் இருக்கிறேன் என்பது எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

பழைய ஜப்பான் வண்டி ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, டிஃபரன்ஷியலைத் திறந்து, பல்லை எண்ணி ஒரு நோட்டில் ஏற்றுவது. அந்த நோட்டைப் பார்த்து எழுதிய நகல்கள் செங்கல்பட்டு முதல் நெம்மேலி வரை மெக்கானிக் கடைகளில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் ஆபீஸ் சட்டம் இங்கேயும் உண்டு. ஒருவர் எண்ணினால் அது எண்ணிக்கை இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தனித்தனிச் சீட்டில் எழுதி, இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும், இரண்டு கையெழுத்தோடு. இரண்டாவது ஆள் அடியேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் தானமாக வந்ததையும் பார்த்தார், வாடகைக்கு வந்ததையும் பார்த்தார். ஐந்து வருட ஞாயிறுகள் எனக்குக் கிரீஸில் போயின. நான் முப்பத்தெட்டு என்று எழுதுவேன், அவர் முப்பத்தேழு என்று எழுதியிருப்பார். மறுபடி முதலிலிருந்து. சாக்பீஸால் குறி வைத்த பல்லையே நான் இரண்டு முறை எண்ணித் தொலைப்பேன். பள்ளிக்கூடத்தில் கூட என்னை யாரும் இவ்வளவு எண்ண வைத்ததில்லை.

மாமல்லபுரத்தில் ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் வந்த வேன் ஒன்றின் அடியில் புகுந்துவிட்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தான்.

"யோவ், யார்யா அது? வண்டிக்கு அடியில இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல நைனா. உன் பூசணிக்காய் எவ்ளோ பெரிசுன்னு பாக்கறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

டிரைவர் என்னைப் பார்த்தான். "கூட வந்த ஆளா நீ? டாக்டராண்ட காட்னியா?" என்றான். காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்தது. செங்கல்பட்டில் எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் சென்டர். நோட்டை அழகாக அடித்து, நகலெடுத்து, சென்னைக் கடைகள் வரைக்கும் அனுப்பிவிடலாம் என்று பல்லெண்ணி முடிவு செய்தார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மரத்தடியில் கிடக்கும் ஓடாத வண்டியை மூன்று மாதத்தில் எடுக்காவிட்டால் காயலான் கடைக்கு ஏற்றிவிடுவோம் என்று குடியிருப்பு நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதனால் பட்டியலின் தலையில், எனக்கு உடனடியாகத் தேவை என்று தன் வண்டியையே முதலில் போட்டார்.

சின்னது முன்னால், பெரியது பின்னால், நடுவில் ஒரு சாய்கோடு. ஒன்பது சாய்கோடு முப்பத்தேழு. அப்படித்தான் அவர் எழுதுவார். கம்ப்யூட்டர் அதைப் பார்த்தது. ஒன்பதாவது மாதம், முப்பத்தேழாம் வருஷம் என்று தானாகவே புரிந்துகொண்டு, செப்டம்பர் முப்பத்தேழு என்று மாற்றிவிட்டது. பத்து, நாற்பத்தொன்று என்பது அக்டோபர் நாற்பத்தொன்று ஆனது. ஐந்து வருடம் எண்ணிய பற்கள் அத்தனையும் பிறந்த தேதிகளாகிவிட்டன.

அச்சானதைச் சரிபார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அன்று அவருக்கு ஆபீஸில் கூடுதல் ஷிப்ட். "நீ பாத்துடு சார். உன்மேல நம்பிக்கை கீது" என்று, முதல் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா என்று நினைத்து, கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு, நாற்பது நகலையும் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. பிறகு புதுப்பட்டினம் மெக்கானிக் காதர் பாய் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது.

"இன்னாண்ணாத்த, எல்லாம் வெள்ளக்காரன் காலத்து வண்டியா போட்டுக்கிற? இதுக்கு எவன் சாமான் வெச்சினு இருப்பான்?"

பல்லெண்ணி தாளை வாங்கிப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, செப்டம்பரை அடித்து ஒன்பது என்று எழுத ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

லீவு போட்டு, கடை கடையாக ஏறி இறங்கித் திருத்தினார். நானும் கூடப் போனேன். இருபத்தாறு நகல்தான் கைக்குக் கிடைத்தது. கெடு முடிந்த காலையில் லாரி வந்தது. பின்சக்கரம் சுற்றாததால் காரைச் சங்கிலி கட்டி இழுத்தார்கள். அலமேலு அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பல்லெண்ணி மட்டும், "மெதுவா, மெதுவா" என்று காயலான் கடை ஆட்களிடம் கெஞ்சிக்கொண்டே லாரிக்குப் பின்னால் கேட் வரைக்கும் நடந்தார்.

நாலே நாள். நாங்கள் திருத்திவிட்டு வந்த சென்னைக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது. உள்ளே ஒன்பதுக்கு முப்பத்தேழு, ஒரு பல் தேயாத ஜோடி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ரெண்டு வருசமா எங்கிட்டதான் இருக்குது. நீங்க வருசம் போட்டதுல புரியல."

அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்குக் கடலில் போய் விழலாம் போலிருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வுடு சார். நம்ம பல்லு எங்கியோ நல்லாத்தான் இருந்துகீது" என்றார்.

காயலான் கடையில் கார் அதற்குள் துண்டு துண்டாகியிருந்தது. அந்த ஜோடியைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டார். மீன் ஏற்றும் பழைய வேன் ஒன்றுக்கு அது அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதிலிருந்து தினமும் காலையில் ஆபீஸ் பஸ் வரும் நேரத்துக்கு இவர் நிறுத்தத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு வேன் செங்கல்பட்டுப் பக்கம் போகும். அது கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் ஏதாவது முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். வேன் சில நாள் தாமதமாக வரும்.

பஸ் டிரைவர் என்னைப் பார்த்துத் தினமும் கத்துவார். "ஏறு சார், இல்லன்னா இறங்கு. ஒரு காலை மேல, ஒரு காலைக் கீழ வெச்சிகினு இன்னா பண்ற?" செருப்பு மாட்டிக்கொண்டது, சில்லறை விழுந்துவிட்டது, முட்டி வலிக்கிறது என்று நான் தினம் ஒரு காரணம் சொன்னேன். வேன் போய், அவர் கண்ணைத் திறந்து ரோட்டைத் தாண்டி வரும்வரைக்கும், ஆறு வருடம், ஒருநாளும் நான் அந்தப் படியிலிருந்து காலை எடுக்கவில்லை.