அறுபது கோப்பிக் கோப்பைகளும் ஒரு நிச்சயதார்த்தமும்

தண்ணீர் ஊற்ற மறந்து செடியைக் கொன்றவர்கள் ஊரில் நிறைய பேர் இருப்பார்கள். நான் ஊற்றி ஊற்றியே நாற்பத்தொரு செடிகளைக் கொன்றவள். அதுவும் சொந்தத் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செந்தூலில் ஐந்தாவது மாடியில் குடியிருந்தோம். பால்கனியில் நின்றால் கீழே கொமுட்டர் எனும் புறநகர் ரயில் போவது தெரியும். அது போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அந்த வீட்டில்தான் என் தங்கை ஷாலினிக்கு, எனக்கு முன்பாகவே, மாப்பிள்ளை அமைந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. (சத்தியமா இல்லைங்க.) ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்ப உனக்கு எப்ப?" என்று கேட்டதால், எனக்கும் ஏதோ ஒரு திறமை இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தத் திறமைதான் சக்குலென்ட். தடித்த இலைகளில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குட்டிச் செடிகள். பச்சை ரோஜாப்பூ மாதிரி இருக்கும். கைபேசியில் நான்கு வீடியோ பார்த்துவிட்டு நிபுணராகிவிட்டேன். விருந்தினர்களுக்கு டோர் கிப்டாக, அதாவது வந்ததற்கு நன்றிப் பரிசாக, முறுக்கு டப்பா கொடுக்கலாம் என்றார் அம்மா.

"முறுக்கு தின்னா தீர்ந்துடும்மா. செடி வளர்ந்துகிட்டே இருக்கும்," என்றேன்.

கோப்பைகளைக் கிள்ளானில் ஒரு பீங்கான் கடையில் வாங்கினேன். கோப்பிக்கடைகளில் இருக்குமே, பச்சைப் பூப்போட்ட கனமான வெள்ளைக் கோப்பை, அதில் அறுபது. செடி வைக்கத்தான் என்று தெரிந்ததும் கடைக்காரர், "அடியில ஓட்டை போட்டுத் தரவாம்மா? தண்ணி வடியணுமில்ல," என்று கேட்டார்.

"ஓட்டை போட்டா அது கப்பா அங்கிள்?" என்றேன். அவர் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

செடிகளுக்காக அப்பாவைக் கேமரன் மலை வரை கார் ஓட்ட வைத்தேன். திரும்பி வந்ததும் அலங்கரிப்பு. உயரமாக ஒரு செடி, புதராக ஒன்று, விளிம்பில் வழிகிற மாதிரி ஒன்று என்று மூன்றும் சேர்ந்தால்தான் அழகு என்று வீடியோவில் சொன்னார்கள். கோப்பி குடிக்கும் கோப்பையில் மூன்றுக்கு எங்கே இடம்? ஒன்றுதான் நுழைந்தது. 'எளிமையே அழகு' என்று கொள்கையை மாற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு பத்து நாள், காலை ஒரு கரண்டி, மாலை ஒரு கரண்டி தண்ணீர். மலையிலிருந்து வந்த குழந்தைகள், செந்தூல் வெயிலில் தவிக்குமே என்ற கவலை. ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடி போல் மினுங்கத் தொடங்கின. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அம்மா மட்டும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "என்னாடி, வெந்த மாதிரி இருக்கு?" என்றார்.

"அது குளோம்மா, பளபளப்பு."

நிச்சயதார்த்தத்தன்று காலையில், ஒரு செடியைச் சற்றுத் திருப்பி வைக்கலாமென்று தொட்டேன். தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. கீழே தண்டு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கூழ். அடுத்ததைத் தொட்டேன், அதுவும் வந்தது. அறுபதில் நாற்பத்தொன்று அப்படி. அழுகல் வாடை வேறு.

யாரிடமும் சொல்லவில்லை. தலைகளைத் துடைத்து, மறுபடி மண்மேல் உட்கார வைத்து, ஒட்டு தெரியாமலிருக்க வெள்ளைப் பொடிக்கற்களைச் சுற்றிலும் தூவினேன். பார்க்க முன்பைவிட அழகாக இருந்தது. (அதுதான் கொடுமை.)

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை தினேஷ் வீட்டார் பூச்சோங்கிலிருந்து வந்திருந்தார்கள். அவர் அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் உள்ளே நுழைந்ததும் எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் காரணம் தெரியாமல் எழுந்து நின்றார்கள். மோதிரம் மாற்றியாயிற்று. ஷாலினி முதல் கோப்பையை அவரிடம் பணிவாகக் கொடுத்தாள். அவர் செடியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். தலை வந்தது.

"நல்ல மூடி," என்று சொல்லிவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

அவர் செய்தால் மற்றவர்கள் செய்யாமலிருப்பார்களா? மண்டபம் முழுக்க ஆளாளுக்கு மூடியைத் திறந்தார்கள். சிலருக்குத் திறக்கவில்லை, அவர்களிடம்தான் உயிருள்ள செடிகள் இருந்தன. அதையும் திருகித் திருகி வேரோடு பிடுங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைக் கற்களைக் கற்கண்டு என்று நினைத்து நாலைந்தை வாயில் போட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் மேடை வரை கேட்டது.

"பழைய கற்கண்டு போல," என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

ஷாலினியின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்குத் திறமை இருக்கிறது என்று காட்ட அவளுடைய நாளையா எடுத்துக்கொள்வது?

"இதெல்லாம் யார் செஞ்சது?" என்றார் தலைமையாசிரியை.

எழுந்து நின்றேன். "நான்தான் ஆன்டி. அது மூடி இல்ல, செடி. தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வச்சிட்டேன். தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் கையிலிருந்த தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஷாலினியைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்கு வரப்போறது இவதானே? நீ இல்லையே?"

"இல்ல ஆன்டி."

"அப்ப பரவால்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் வரை நிறுத்தவில்லை. தன் அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை என்று தினேஷ் பிற்பாடு சொன்னார். இரண்டு குடும்பமும் அன்றைக்குத்தான் உண்மையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு செடித் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஜன்னலோரம் வைத்து மறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். "வேரு விட்டுருச்சும்மா. நான் ஒண்ணுமே செய்யல லா. நீயும் அப்படியே இருந்திருக்கலாம்." அதற்குப்பின் அவர் பால்கனி முழுக்கச் செடிகள், எல்லாம் ஓட்டை போட்ட தொட்டிகளில். நான் போனால் ஒவ்வொன்றாகக் காட்டுவார், ஆனால் தொட விடமாட்டார். இப்போது அவர் இல்லை. செந்தூல் வீட்டையும் விற்றுவிட்டோம். அவருடைய தொட்டிகளைத் தினேஷ் பார்த்துக்கொள்கிறார், அதாவது பார்ப்பதோடு சரி. அவை நன்றாகவே இருக்கின்றன.

தங்கை வீட்டில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், "குடிக்கவா, ஊத்தவா?" என்று கேட்காமல் யாரும் தருவதில்லை. ஷாலினியின் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு இந்தக் கதை தெரியாது. தண்ணீர் கொடுக்கும்போது அப்படித்தான் கேட்க வேண்டும், அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஏர்கோன் சர்வீஸ் செய்ய வந்தவரிடமும் டம்ளரை நீட்டி, "அங்கிள், குடிக்கவா, ஊத்தவா?" என்றிருக்கிறாள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடிக்கத்தாம்மா," என்றாராம்.