மூன்றாமவர் பால் குடித்த வரலாறு

இயேசு மரி சூசை துணை

கீழ்ப்பிரிவு, ஐந்தாம் நம்பர் லயம்,
யட்டியாந்தோட்டை.
மழை விட்ட வெள்ளிக்கிழமை.

அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருங்கே உரிய மருமகள் ஏஞ்சலினுக்கு,

நாற்பது வருடம் ரப்பர் மலையை ஆண்டு ஓய்வுபெற்ற கங்காணியும், உன் தாய்மாமனும், தற்சமயம் மூன்று ஆட்டுக்குட்டிகளின் சட்டபூர்வமான பாதுகாவலனுமாகிய சவரிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை மரியம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். கொய்யா மரம் மட்டும் அவ்வளவு சுகமில்லை. காரணம் பின்னால் வரும். கொழும்பில் நீயும் உன் வேலையும் நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரியின் பல்வலியும் எப்படி என்று விவரமாக எழுதவும்.

நிற்க. நான் இப்போது எழுதப்போவது ஒருவரும் நம்பாத கதை. கோயில் மணிமேல் கைவைத்து வாக்குத் தருகிறேன், நீ இதை நம்பவே மாட்டாய். பங்குச் சாமியாரிடம் சொன்னேன். முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆயருக்கு எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ வாங்கிக் கொடுத்த போனை உன் ஆடு துரைச்சாணி விழுங்கிவிட்டாள். சார்ஜ் இன்னும் தீரவில்லை. நீ அழைக்கும் போதெல்லாம் அவள் வயிற்றுக்குள் மாதா பாட்டு கேட்கிறது. அக்கம்பக்கத்தார் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே பால் கறக்கும் நேரத்தில் தயவுசெய்து அழைக்காதே.

நீ பஸ் ஏறிய அன்று என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்பதை நான் மறக்கவில்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "மாமா, ஆட்ட ஒங்ககிட்டதான் விட்டுட்டுப் போறேன். போடுற குட்டியில ஒன்னு செத்தாலும் துரைச்சாணிய புளத்கொகுபிட்டியவுக்கு ஏத்தி ரொபர்ட் மாமா வீட்டுல கட்டிருவேன்" என்றாய். பக்கத்தில் நின்ற உன் அத்தை, "இப்பவே ஏத்திரு புள்ள, இந்த மனுசனுக்கு ஒரு கோழியக்கூட அடைக்கு வைக்கத் தெரியாது" என்றாள். சீமெந்துத் தூணில் ஆட்டுப்பட்டி கட்டி அதற்குக் கதவு மணியும் வைத்திருக்கும் என் தம்பி ரொபர்ட்டிடம் தோற்பதைவிட நான் களனி கங்கையில் குதிப்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை கங்கையே மேலே ஏறி என் வாசலுக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு மழை. மீன்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று ஒதுங்க இடம் கேட்டன. அந்த நேரம் பார்த்துத் துரைச்சாணி கொய்யா மரத்தடிக் கொட்டிலில் குட்டி போட்டாள். ஒன்று போட்டாள், எழுந்து நின்று குடித்தது. இரண்டு போட்டாள், எழுந்து நின்று குடித்துவிட்டு முதலாவதை உதைத்தது. பிறகு மூன்றாமவர் வந்தார். ரப்பர்பால் எடுக்கும் சிரட்டையில் அவரைப் படுக்க வைத்தால் சுற்றிவர நடக்க இடம் மிஞ்சும். ஈரக் காலுறை போலக் கிடந்தார். 'மே' என்று கத்தக்கூடத் தெம்பில்லை. அக்காவிடம் ஒரு 'மே' கடன் வாங்கித்தான் கத்தினார்.

தாய்க்குக் காம்பு இரண்டு, பிள்ளை மூன்று. இருபது வீட்டுக்கு ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவனுக்கு இது ஒரு பிரச்சினையா? பீலியில் ஆள் வருமுன்பே வாளியை வைத்து இடம் பிடிப்பது நம் வழக்கம் அல்லவா. நான் ஒரு சின்ன வாளியைக் கொண்டுபோய்த் துரைச்சாணியின் மடிக்குக் கீழே வைத்து, "இது மூன்றாமவர் இடம், ஒருத்தரும் நுழையக்கூடாது" என்று மற்ற இரண்டு பேருக்கும் அறிவித்தேன். துரைச்சாணி ஒரே உதை. வாளி பறந்துபோய் கித்துல்கலையில் ரப்பர்ப் படகு விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தலையில் தொப்பியாக இறங்கியது. அளவு சரியாக இருந்ததாம், திருப்பித் தரவில்லை.

உன் அத்தை வந்து குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஐயோ, வாயெல்லாம் சில்லுன்னு கெடக்குதுங்க. குளுந்த குட்டி உறிஞ்சாது. மொதல்ல சூடு, அப்பறம்தான் பால். மத்தியானத்துக்குள்ள சீம்பால் உள்ள எறங்கலன்னா இது தங்காது" என்றாள்.

சூடு என்று அவள் சொன்னதுதான் தாமதம், நாற்பது வருட அனுபவம் என் மண்டைக்குள் எழுந்து சல்யூட் அடித்தது. நனைந்து, துவண்டு, வெள்ளையாக ஒன்று கையில் கிடைத்தால் ரப்பர்த் தோட்டத்தான் அதை எங்கே கொண்டுபோவான்? ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடும் புகைக்காம்பராவுக்குத்தான்! மூன்றாமவரைக் கொழுந்துக் கூடையில் வைத்துக்கொண்டு ஓடினேன். புகைக்காம்பராவுக்கு விறகு போடும் கந்தையா கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னங்க கங்காணி, இது என்னா கிரேடு?"

"மொதல் தரம்டா. கம்பியில மாட்டு."

"எத்தன நாளைக்குங்க?"

"அரை மணித்தியாலம் போதும். ஷீட்டுன்னு நெனச்சு லொறியில ஏத்திப்புடாத!"

கூடையோடு மூன்றாமவரை ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டோம். அரை மணித்தியாலத்தில் காது நிமிர்ந்தது, கண் திறந்தது, சொந்தமாக ஒரு 'மே' வந்தது. வெற்றி முழக்கத்தோடு திரும்பி வந்து தாயிடம் நீட்டினேன். துரைச்சாணி ஒருதரம் மோந்து பார்த்தாள். அவ்வளவுதான்; முட்டினாள் பார், நானும் கொய்யா மரமும் சேர்ந்து நான்கு அடி பின்னால் நகர்ந்தோம். நான் திரும்ப வந்துவிட்டேன், மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. தாய் ஆடு தன் பிள்ளையை மணத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கும். இவரோ அசல் ரப்பர் ஷீட்டு மாதிரி மணக்கிறார்.

"பெத்தவளுக்கே புள்ள எதுன்னு தெரியாம பண்ணிட்டீங்களே!" என்று உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "என் தலையெழுத்து! ஆடு இன்னைக்கே புளத்கொகுபிட்டிய போவப்போவுது."

மத்தியானத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம். கறந்து போத்தலில் ஊட்டலாம் என்று பஜாருக்குப் பறந்து, நிலாம் நானாவின் பார்மசியில் மூச்சிரைக்க நின்றேன். "நானா, பால் போத்தல் ஒன்னு குடுங்க, சுருக்கா!"

"புள்ளைக்கி எத்தன மாசம்?"

"ரெண்டரை மணித்தியாலம்."

நானா கண்ணாடியைக் கழற்றினார். "அல்லாவே! உம்மா எங்க?"

"கொட்டிலுல கட்டிப் போட்டிருக்கு."

"கட்டியா?"

"இல்லாட்டி முட்டுறா நானா."

நானா பொலிசுக்குப் போன் எடுக்கக் கையை நீட்டினார். "ஆடு நானா, ஆடு!" என்று நான் கத்தினேன். கடைக்கு வந்திருந்த சிங்களப் பெண்கள் நான்கு பேர், "அனே பவ்!" என்று ஒரே குரலில் இரங்கினார்கள். பாவம் என்றது குட்டியையா என்னையா என்று நின்று கேட்க நேரமில்லை.

போத்தல் வந்தது, அதன் வாய்க்கு ரப்பர்ச் சூப்பி வந்தது, மூன்றாமவர் வாயைத் திறக்கவில்லை. சூப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழுத்தைத் தொங்கப் போட்டார். "விடுங்க, அதுக்கு ஆத்தா மடிதான் வேணும்" என்றாள் உன் அத்தை. அப்போது எனக்கு உதித்த யோசனையை நாளைக்கு உலக விஞ்ஞானிகள் திருடாமல் இருக்க வேண்டும். பிள்ளை ஷீட்டு மாதிரி மணக்கிறது என்பதுதானே குறை? அப்படியானால் தாயும் ஷீட்டு மாதிரி மணந்தால் குறை எங்கே? துரைச்சாணி, மூத்தது இரண்டு, இவர், நான், உன் அத்தை, கொட்டில் கூரைத் தகரம், அத்தனையையும் புகைக்காம்பராவுக்குள் ஏற்றினேன். கந்தையா கதவைச் சாத்திவிட்டு வெளியில் நின்று, "இன்னும் யாராச்சும் இருக்கீங்களாங்க?" என்று கேட்டான். வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் ஒரே கிரேடு. துரைச்சாணி மூன்றாமவரை மோந்தாள். பிறகு தன்னையே மோந்தாள். பிறகு என்னை மோந்து, பெருமூச்சு விட்டு, எல்லாமே தன் பிள்ளைகள்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டாள்.

நான் ஆட்டின் தலையைப் பிடித்தேன். இமயமலையைப் பிடித்த மாதிரி. உன் அத்தை குட்டியின் நெற்றியைக் கையால் மூடி இருட்டாக்கி, காம்பைப் பீச்சி ஒரு துளியை உதட்டில் விட்டு, வாலடியை விரலால் சொறிந்துகொண்டே, "குடிடா ராசா, குடிடா, எங்க மானத்த வாங்காத" என்றாள். ஒரு தடவை நழுவினார். இரண்டாவது தடவை உன் அத்தையின் சட்டைப் பொத்தானைப் பிடித்தார். பக்கத்து மலைத் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு பன்னிரண்டு மணிக்கு வாயைத் திறந்தபோது அவரும் திறந்தார். பிடித்தார்! உறிஞ்சினார்! வால் ஆடத் தொடங்கியது. அந்த வால் ஆடிய வேகத்தில் எழும்பிய காற்றில் லயத்துக் கொடித்துணி எல்லாம் மாவனல்லைக்குப் போனது, பஜாரில் குடைகள் எல்லாம் மேல்நோக்கி மலர்ந்தன, மலையில் ஒரு மரத்துச் சிரட்டையும் பாலும் நிலைத்து நிற்கவில்லை. தோட்டத்துத் துரை வந்து, இது சூறாவளியா என்று கேட்டார். "இல்லைங்க தொர, சீம்பால்" என்றேன்.

ஆக, மூன்று குட்டியும் உயிரோடிருக்கின்றன. ரொபர்ட்டிடம் கதவு மணியைக் கழற்றச் சொல்லலாம்.

நீ நூறு வருடம் மழையில் நனையாமலும், பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரச் சீட்டோடும், பல்வலி இல்லாமலும் வாழ மாதாவை மன்றாடும்,

உன் அன்பு மாமன்,
சவரிமுத்து (ஓய்வு)

பி.கு.: இதை உன் அத்தை வாசித்துவிட்டாள். திருத்தம் எழுதாவிட்டால் தேத்தண்ணி கிடையாது என்கிறாள். எழுதுகிறேன். போன் ஆட்டின் வயிற்றில் இல்லை. நான் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டேன், இப்போது அரிசித் தகரப் பேணிக்குள் காய்கிறது. புகைக்காம்பராவுக்கு ஓடினேன்தான், ஆனால் கந்தையா என்னைக் கேற்றுக்குள்ளேயே விடவில்லை. நிலாம் நானா கடை அன்று பூட்டு. வெள்ளைக்காரர் எவரும் இல்லை. கொய்யா மரம் பிறந்த இடத்திலேயே நிற்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் குட்டியைத் தன் மடியில் போட்டுச் சூடு காட்டி, துளித்துளியாக உதட்டில் தடவி, பத்துத் தடவை நழுவியும் பதினோராவது தடவை காம்பில் பிடிக்க வைத்தவள் மரியம்மா. நான் ஒழுகும் கொட்டிலில் குடை பிடித்தேன். இந்த நிலையில் ஆட்டை எங்கே கட்டுவது என்பதை நீயே தீர்மானித்துக்கொள்.

ஆனால் வால் ஆடியது உண்மை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வால். காற்றெல்லாம் வரவில்லை, உன் அத்தை கன்னத்தில் ஒரு துளிப் பால் தெறித்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன். ஆடு குட்டிகளோடு ஆறு பேரும் நனைந்தோம்.