சம்பந்தியை வாசலோடு அனுப்பிய சனிக்கிழமை

லிங்கராஜபுரம்,
வியாழக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அர்ஜுனன் அவர்களுக்கு,

பெங்களூரிலிருந்து கோவிந்தன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் யசோதாவும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது. குடியாத்தத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கிஷோரும் சுகமாக இருப்பதாக எங்கள் தாரணி போனில் சொன்னாள். போனிலேயே பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் யசோதா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். கடிதம் என்றால் மூக்குக் கண்ணாடியைத் தேடவேண்டும் என்று விட்டுவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற சனிக்கிழமை, யாரோ உறவினர் கல்யாணத்துக்காக இந்த ஊருக்கு வந்த தாங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இனிப்பு டப்பாவோடு வந்தீர்கள். நான் கேட்டுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்று, பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, வந்த ஆட்டோவிலேயே உங்களைத் திருப்பி அனுப்பினேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன் செய்கிற காரியமா இது? நான் செய்த தப்புக்கு அங்கே தாரணி அல்லவா பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சரி, கொஞ்சமாகத்தான் இறங்கியது.

எங்கள் வீட்டுக்கு எதிரே மூலையில் ஒரு காலிமனை இருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் மூக்குக்குத் தெரிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து செடி வைப்பதற்காகத் தெருக்காரர்கள், சர்ச் இளைஞர்கள், மூலை பேக்கரிக்காரர், வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி, வார்டு ஆபீஸ் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். கம்பெனி பணம் தரும், இளைஞர்கள் உழைப்பைத் தருவார்கள், பேக்கரிக்காரர் பன் தருவார், வார்டு ஆபீஸ் அனுமதி தரும் என்று பங்கு பிரித்தபோது மிச்சம் இருந்தது பொறுப்பு ஒன்றுதான். அன்றைக்குக் கூட்டத்துக்குச் சீக்கிரம் போய் நாற்காலிகளைப் பிரித்துப் போட்ட பாவத்துக்கு அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். மனை சுத்தமாக இருக்கிறதா என்று சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார், திருப்தியானால் வேலியும் செடியும் வரும், இல்லாவிட்டால் குப்பை ஆட்டோக்களை அங்கேயே நிறுத்துவார்கள் என்று ஏற்பாடு. வாரம் முழுக்க முதுகு ஒடியக் கூட்டிப் பெருக்கினோம். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், யார் புண்ணியமோ, மனை பழையபடி குப்பையால் நிறைந்து கிடக்கிறது. அன்றைக்கென்று பார்த்துக் குப்பை ஆட்டோவும் வரவில்லை.

பக்கத்து வீட்டில் டிரேவர் என்று ஒருவன், சர்ச் பையன்களின் தலைவன், அப்போது சொன்னான்: "அங்கிள், டென்ஷன் ஆவாதீங்க. மூட்டை கட்டி உங்க ஹால்ல போட்டுடலாம். ஒன் அவர் மேட்டர். ஆபீஸர் மேடம் பாத்துட்டுப் போனதும் நாங்களே தூக்கிடறோம்." நான் வாயைத் திறப்பதற்குள் முதல் மூட்டை சோபாவில் உட்கார்ந்துவிட்டது. கூடம், படுக்கையறை, கட்டிலுக்கு அடி, சாப்பாட்டு மேஜை, எல்லாம் மூட்டை. கடைசி மூட்டையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தித் திரும்பினால், சம்பந்தி, தாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்குகிறீர்கள்.

"உள்ள பெயிண்ட் அடிக்கிறாங்க சம்பந்தி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். தாங்கள் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, பெயிண்ட் இப்படி நாறுது?" என்று கேட்டீர்கள். "இது இயற்கை பெயிண்ட், கெமிக்கலே கிடையாது" என்றேன். சம்பந்தியம்மா இனிப்பு டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். அப்போதே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

தங்கள் ஆட்டோ மூலையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டி நின்ற நேரத்தில் அதிகாரி ரக்ஷிதா மேடம் வந்து இறங்கினார். மனையைச் சுற்றிப் பார்த்தார், டிரேவர் மனைவி குளோரியா போட்ட கோலத்தைப் பாராட்டினார், ஜீப்பில் ஏறப் போனார். தொலைந்தது சனி என்று நான் மூச்சு விடும்போது, கதவைத் திறந்துகொண்டு யசோதா வாசலில் வந்து நிற்கிறாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மா போகக் கூடாதும்மா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க!"

யார் வந்தாலும் அவள் வாயில் தானாக வருகிற வார்த்தை அது. உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்றால், நீங்கள் வந்தபோது அவள் பின்கட்டில் முழங்கை வரை குப்பையில் இருந்தாள். மேடம் சந்தோஷமாக உள்ளே போனதையும், ஆட்டோவிலிருந்து தாங்கள் தலையை நீட்டி அதைப் பார்த்ததையும் நானும் பார்த்தேன். அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது சம்பந்தி.

உள்ளே ஓடினேன். என் வீடுதானா என்று சந்தேகமாகிவிட்டது. தன் வீட்டுக்குள் வந்த குப்பை கண்டபடி கிடப்பதை யசோதாவால் பொறுக்க முடியவில்லையாம். மூட்டைகள் வர வரப் பின்கட்டில் வைத்துப் பிரித்து, பால் கவர் ஒரு பக்கம், தேங்காய் மூடி ஒரு பக்கம், காய்கறித் தோல் அண்டாவில், பழைய செருப்பு ஜோடி ஜோடியாக ஜன்னலோரம் என்று அடுக்கி வைத்திருந்தாள். தாரணி கல்யாணத்தில் தாங்கள் கொண்டுவந்த சீர்வரிசைத் தட்டுகளில் ஷாம்பு பாட்டில்கள் உயர வரிசையில் நின்றன. தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தாகிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

மேடம், போர்வை போர்த்திய மூட்டையைச் சோபா என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். "ஏனு சார் இது! தெருக் குப்பை பூரா வீட்டுல வெச்சுப் பிரிக்கிறீங்களா? நாங்க ஏரியா ஏரியாவா மீட்டிங் போட்டுச் சொல்றோம், யாரும் கேக்கல்ல. நீங்க சொந்த ஹால்லயே பண்ணிட்டீங்களே!" என்றார். டிரேவர் என் காதில், "அங்கிள், வாயத் திறக்காதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க" என்றான். ஆட்டினேன். மேடம் இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை வேலி வந்துவிட்டது. புங்கையும் வேம்பும் நட்டாகிவிட்டது. மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, வீடு முழுக்க பினாயில் விட்டுக் கழுவி, சாம்பிராணி போட்டுவிட்டேன். இதெல்லாம் போகட்டும். நேற்று தாரணி போன் செய்தாள். "அப்பா, நீங்க சொன்ன எல்லாத்தையும் மாமாகிட்ட சொல்லிட்டேன். சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிப்போச்சு. உங்கப்பா கூப்பிட்டா அடுத்த வண்டியிலயே வரேன்னு சொல்றாரு" என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், சம்பந்தி. சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்களும் சம்பந்தியம்மாவும் அவசியம் வந்து, முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, நிஜமான சோபாவில் உட்கார்ந்து, ஒரு வாரமாவது தங்கிப் போக வேண்டும். ஏதாவது சாக்குச் சொன்னால் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகள் இருவரும் குறையொன்றுமின்றி நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
கோவிந்தன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரக்ஷிதா மேடம் எழுதிய பாராட்டைப் படித்துவிட்டுக் கூட்டுக் குழுவில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். சொந்தமாக ஒரு கொட்டகை போடும்வரை சுற்று வட்டாரத் தெருக்களின் குப்பை எல்லாம் எங்கள் வீட்டில்தான் பிரிக்கப்படும். முதல் லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. யசோதா வண்டிக்காரருக்குக் காபி கொடுத்து, அடுத்த லோடை எந்த அறையில் போடலாம் என்று வழி காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம், சம்பந்தி. நாங்கள் அங்கே வருகிறோம். எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.