முசுறுக்குப் பாலம் கட்டிய மனுஷன்

அந்தமான் தீவுகளைச் சல்லடை போட்டுத் தேடினாலும், எறும்புக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். சௌல்தாரி என்ற ஊர்க்காரர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் சீன்ட்டிவாலா. சீன்ட்டி என்றால் இந்தியில் எறும்பு.

எனக்கு அபர்டீன் பஜாரில் பூச்சிமருந்துக் கடை. அந்தக் கடையிலேயே வந்து உட்கார்ந்து, மருந்து வாங்க வருகிறவர்களிடம் முசுறு என்கிற சிவப்பெறும்பை வளர்க்கச் சொல்லி யோசனை சொல்லுகிற ஆளை என்னதான் செய்வது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பப் பார்ப்பேன். டீயைக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

அவர் தோப்பில் பாக்கு மரங்களுக்கு அடியில் கோகோ மரங்கள். அவற்றின் இலைகளை இழுத்துத் தைத்து முசுறுகள் கூடு கட்டியிருக்கும். கோகோக் காயில் குத்திச் சாறு உறிஞ்சும் பூச்சியை இந்தச் சிவப்பெறும்புகள் மொய்த்துத் தூக்கிப் போய்விடும். அவை தரையில் இறங்கிக் கால் நோகக் கூடாதாம், மரத்துக்கு மரம் தேங்காய்நார்க் கயிற்றால் பாலம் கட்டியிருந்தார். மத்தியானமானால் கட்டிலில் மல்லாந்து அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் படுத்தேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. காற்றில் கயிறு ஆடியதும் எறும்புகள் நின்றன. ஆட்டம் ஓய்ந்ததும் நடந்தன. ஐந்து நிமிஷம் என்று படுத்தவன் எழுந்தபோது சாயங்காலமாகியிருந்தது.

அப்புறம்தான் வந்தது வினை. பக்கத்துத் தோட்டக்காரர் என்னிடம் வாங்கிய மருந்தை அடித்தார். காற்று இந்தப் பக்கம் வீசியது. மறுநாள் கயிறுகளில் ஒரு எறும்பு இல்லை. அடுத்த வாரம் பிஞ்சுகளில் கரும்புள்ளி விழுந்தது. அவர் மனைவியை நாங்கள் பாபி, அதாவது அண்ணி என்போம். பாபிக்கு எப்போதும் பாக்குதான் உசத்தி. "இந்தத் தடவை காய் கெட்டுச்சுன்னா கோகோவை வெட்டிடுவேன். பாத் கதம், பேச்சு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார்.

சீன்ட்டிவாலா கடைக்கு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டு மாமரத்தில் முசுறு இருக்கிறது, நானே கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எறும்பு ஏறாமல் இருக்கக் கையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு மாமரத்தில் மூன்று கூடு வெட்டினேன். தாராள மனசு பாருங்கள், பக்கத்து வீட்டுக் கொய்யாவிலிருந்தும் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி டவுன் பஸ் ஏறினேன். பாதி வழியில் நாலைந்து எறும்புகள் என் பேண்டுக்குள் குடியேறின. நான் நெளிந்த நெளிவில் கண்டக்டர் என்னவென்று கேட்டார். உண்மையைச் சொன்னால் இறக்கிவிடுவார். வயிற்றுவலி என்றேன். ஒரு பெங்காலி அம்மா இரக்கப்பட்டு ஓமம் கொடுத்தார். அவை என்னைக் கடிக்க, நான் ஓமத்தைக் கடித்துக்கொண்டு சௌல்தாரி போய்ச் சேர்ந்தேன்.

சாக்கை அவிழ்த்தால் உள்ளே பாதி செத்துக் கிடந்தது. மீதி ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தது.

"எத்தனை மரத்துது?" என்றார் சீன்ட்டிவாலா.

"ரெண்டுண்ணே."

"அரே பாய், உங்க மரத்துது ஒரு குடும்பம், அவங்க மரத்துது வேற குடும்பம். சேர்த்துப் போட்டா வெட்டிக்கிட்டுச் சாகும். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் எப்படித்தான் பூச்சியைக் கொன்னீங்க?"

மறுநாள் அவரே வந்தார். அந்த வயதில் என் மாமரத்தின் உச்சிவரை ஏறி, ராணி இருக்கும் கூடு உட்பட ஒன்று விடாமல் இறக்கினார். முகமெல்லாம் கடி. தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, முதல் எறும்பு கயிற்றில் கால் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு வந்த பிஞ்சுகளில் புள்ளி விழவில்லை. அறுவடையன்று பாபி கத்தியோடு தோப்புக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். முதல் காயை அறுத்துப் பிளந்து, வெள்ளைச் சதையைத் தின்று பார்த்து, எனக்கும் ஒரு சுளை நீட்டினார். மரங்களை வெட்டும் பேச்சையே எடுக்கவில்லை.

சீன்ட்டிவாலா மட்டும் கவலையாக இருந்தார். முசுறு இல்லாத என் மாமரத்தில் பூச்சி விழுந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார். கடை நிறைய மருந்து இருக்கிறதே என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு காலை, கையில் ஒரு சாக்கோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். காதும் கழுத்தும் கடிபட்டுச் சிவந்து வீங்கியிருந்தன. பூச்சிமருந்துக் கடைக்காரன் வீட்டு மரத்துக்காகக் காட்டோரம் தேடிப் பிடித்துவந்த முசுறு. ஏணி கேட்டு வாங்கி, என் மாமரத்தில் ஏறினார். ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல் இருக்க வேண்டுமே இந்த மனுஷன் என்று நின்றேன்.