நாற்பத்திரண்டாவது பெயர்

நினைவுக்கல்லில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஹெவின் ப்ரோபர்ட் தேடி வந்த பெயர் மட்டும் இல்லை.

வேல்ஸின் அந்தப் பள்ளத்தாக்கில் 1911இல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது கொள்ளுத்தாத்தா டோமோஸ் உள்ளே இறந்துபோனார் என்று கேட்டே வளர்ந்தவர் ஹெவின். டோமோஸின் மனைவி நெஸ்டா அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் கறுப்பு உடையைத் தவிர வேறு உடுத்தவில்லை.

நினைவுக்குழுச் செயலாளர் ஐர்லிஸிடம் போய் முறையிட்டார். கல்தச்சர் வந்து கடைசியில் பெயரைச் செதுக்கினார். உச்சியில் 'நாற்பத்தொருவர்' என்று இருந்ததே? அதையும் கொத்தித் திருத்தினார்கள்.

உடனே தேவாலயப் போதகர் அடக்கப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சவப்பெட்டிகள் நாற்பத்தொன்றுதான்.

"அப்ப எங்க தாத்தா இன்னும் கீழதான் கிடக்காரு," என்றார் ஹெவின்.

அந்த வார்த்தைதான் வினையாயிற்று. மூடிய சுரங்கத்தின் மேல்தான் ஊரின் ரக்பி மைதானம். அடியில் ஒருவர் கிடக்க, மேலே எப்படி ஆடுவது என்று ஊர்மன்றம் கதவைப் பூட்டிவிட்டது. அந்த வருடம்தான் ஊர் அணி இறுதிச்சுற்றுக்கு வந்திருந்தது. ரொட்டிக் கடையில்கூட யாரும் ஹெவினிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆதாரத்தைக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கலாம் என்று ஆவணக் காப்பகத்துக்குப் போனார். இறங்கும்போது விளக்கு வாங்கி, மேலே ஏறியதும் திருப்பிக் கொடுப்பதைக் குறித்துவைக்கும் சுரங்கத்தின் விளக்குப் பதிவேடு கிடைத்தது. அன்று காலை ஆறு மணிக்கு டோமோஸ் விளக்கு வாங்கியிருந்தார். பன்னிரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார். வெடித்தது மூன்று மணிக்கு.

ஹெவின் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

நினைவுநாளன்று ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட எழுந்தார். நெஸ்டாவை நினைத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்போது கெரிஸ் என்ற பெண் அருகே வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. செய்தித்தாளில் பெயரைப் பார்த்து வந்தாளாம்.

"டோமோஸ் எங்களுக்கும் கொள்ளுத்தாத்தாதான். எங்க ஊர்ல இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டு, எழுபத்தொன்பது வயசுல படுக்கையில போனாரு."

ஹெவின் கல்லில் புதிதாகச் செதுக்கிய பெயரைப் பார்த்தார். "பாவம் நெஸ்டா. ஒண்ணும் தெரியாமலே கடைசிவரைக்கும் துக்கம் அனுசரிச்சிருக்காங்க."

கெரிஸ் பையிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"தெரியாமலா? திரும்பி வரட்டுமான்னு அவரு எழுதிக் கேட்டதுக்கு அவங்க போட்ட பதில் இது: 'என் கணவர் சுரங்கத்தில் இறந்துவிட்டார். செத்தவர்கள் கடிதம் எழுதுவதில்லை.'"