பூசையில் இருந்த கம்பியூட்டர்

என் கையெழுத்து கோழி கிளறின இடம் மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் விடவில்லை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்). அச்சுக்கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைவிட அதிகம் பொறுத்தவர்கள் இந்தக் கதையில் இருக்கிறார்கள்.

சண்டைக் காலம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி, கண்டியில் ஒரு மொத்த வியாபாரியின் ஸ்டோரில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி திகனைக்காரர், ஹாஜியார். அந்த வருஷம்தான் கணக்கெல்லாம் கம்பியூட்டருக்குப் போயிருந்தது. ஆபீசில் சில, ஸ்டோரில் ஒன்று; எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத்தான். வந்த மூட்டை, போன மூட்டையைப் பதியும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். (இலக்கம் தட்டத் தெரிந்தால் போதுமாம்.)

சரஸ்வதி பூசை வந்தது. தராசு, கொக்கி, சாக்கு ஊசி எல்லாவற்றையும் விடியற்காலையே பூசையில் வைத்தேன். கம்பியூட்டரை மட்டும் விடலாமா? சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் ஆயிற்று. ஆனால் வெறும் திரையை அம்மன் முன்னால் வைப்பது, வெறும் இலை போட்டு விருந்தாளியை உட்கார வைப்பது போல் பட்டது. அதனால் அதிகம் விற்கிற சரக்கான சீனியின் பக்கத்தைத் திறந்தேன். அரைகுறையாகத் திறப்பானேன் என்று, அளவை மாற்றும் கட்டம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு சின்னக் கோடு விளக்கு மாதிரி மின்னியது. பரவசமாகிவிட்டேன். இனி மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது.

அன்றைக்கே நாவலப்பிட்டிக்கு ஒரு லொறி சீனி போக வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. அச்சடித்த பில் இல்லாமல் சோதனைச் சாவடி தாண்ட முடியாது. கையால் எழுதிய பில்லோடு போன எங்கள் சாரதியை ஒரு தடவை பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

பில் போடும் சாந்தி மிஸ் சீனியைத் தொட்டதும், இதை வேறொருவர் பாவித்துக்கொண்டிருக்கிறார், பொறுங்கள் என்று கம்பியூட்டர் ஆங்கிலத்தில் சொன்னது. பொறுத்தார். மத்தியானச் சாப்பாடு வரை பொறுத்தார்.

“எண்ட சீனி மேல எவன் குந்திக்கிட்டு ஈக்கிறான்?” என்று முதலாளி கேட்டார்.

புரோகிராம் போட்டுக் கொடுத்த குகதாசனுக்கு ஆள் போனது. அவர் யாழ்ப்பாணத்தார். பை நிறைய வயரோடு ஒரு யாழ்ப்பாணத்தார் அந்த நாளில் கண்டி வீதியில் நடப்பது லேசான காரியமில்லை. வழி நெடுக நிறுத்தி, பையைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு வயரும் எதற்கென்று கேட்டிருக்கிறார்கள். (எல்லாம் என்னால்தான்.)

வந்தவர் ஆபீசில் எல்லோரையும் புரோகிராமை மூடிவிட்டு எழும்பச் சொன்னார். ஒருவர் திறந்து வைத்த பக்கத்தை மற்றவர் தொடாமலிருக்க கம்பியூட்டர் போடும் பூட்டு விடவில்லை. “ஆரோ இன்னும் உள்ளுக்க நிக்கினம்,” என்றார். தேத்தண்ணி கொண்டுபோன என்னிடம், ஸ்டோர் கம்பியூட்டரில் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டார்.

“இல்லைங்க சார். இன்னைக்கு அதைத் தொடவே மாட்டோம்.”

சத்தியமான உண்மை. அதை நம்பி அவர் இன்னும் இரண்டு மணித்தியாலம் மண்டையை உடைத்தார். கடைசியில் சந்தேகப்பட்டு ஸ்டோருக்கே வந்தார். மாலையைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். பிறகுதான் திரையைப் பார்த்தார்.

“எட தம்பி, சீனியையோ பூசையில வைச்சிருக்கிறாய்?”

வயரைப் பிடுங்கவா என்று கேட்டேன். பிடுங்கினாலும் பூட்டு அப்படியே நிற்கும், கணக்கும் குழம்பும், முறையாக மூடத்தான் வேண்டும் என்றார். ஆனால் தொடவில்லை. அவர் வீட்டிலும் பூசையாம்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும், பின்னாலேயே வந்து நின்ற முதலாளியைப் பார்த்தோம்.

“நான் சொல்லேலா. ஹாஜியார் சாமிய எழுப்பிட்டான் எண்டு நாளைக்கி ஊரெல்லாம் கதை வரும். ஈக்கிற பிரச்சினையே எனக்குக் காணும்.”

மிச்சம் இருந்தது நான். பூசையை நேரத்தோடு முடித்து வைப்பது என்று முடிவாயிற்று. சூடம் கொளுத்தினேன். பாட வேண்டும். ஆபீஸ் முழுக்க வாசலில் நிற்கிறது. நானோ பெயர் கேட்டாலே வியர்க்கிற ஆள். தேவாரத்தில் ஒரு வரியும் வரவில்லை. கல்வித் தெய்வத்துக்கு, எனக்குத் தெரிந்த ஒரே கல்வி ராகத்தோடு வாயில் வந்தது:

“ஓரேழு ஏழு… ஈரேழு பதினாலு…”

முதலாளி தொப்பியைச் சரிசெய்து மரியாதையாக நின்றார். எட்டேழில் எனக்கு விடை மறந்துவிட்டது. சூடம் அணையப் போகிறது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த குகதாசன் மெல்ல, “ஐம்பத்தாறு,” என்றார்.

சந்தன விரலால் பக்கத்தை மூடினேன். ஆபீசில் பில் அடிக்கிற சத்தம் கேட்டது. லொறி ஊரடங்குக்குக் கொஞ்சம் முந்தி நாவலப்பிட்டியைப் பிடித்தது. முதலாளி என்னை ஏசவில்லை. அவனை எப்போது பார்த்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது, எப்படி ஏசுவது என்று சாந்தி மிஸ்ஸிடம் சொன்னாராம்.

இப்போது என் மகள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அங்கேயும் சில நாள், இந்தக் கணக்கை வேறொருவர் பாவிக்கிறார் என்று கம்பியூட்டர் சொல்லுமாம். உடனே எனக்குப் போன் வரும்.

“அப்பா, எந்திரிங்க. ஆளுக கியூல நிக்கிறாங்க.”

விஜயதசமி, காலை.